ஒரே பக்கம் பார்த்த இரண்டு அம்புகள்

படவேட்டு அம்மன் குங்குமம் ஒரு பொட்டலம், என் மனைவி வள்ளியம்மா இடித்துக் கொடுத்த பருப்புப்பொடி, முள்ளிப்பட்டில் நெய்த ஒரு பட்டுச் சால்வை. பெட்டியில் மற்றதெல்லாம் தொலைந்தாலும் இந்த மூன்றும் தொலையக் கூடாது என்று துணிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஆரணியிலிருந்து கிளம்பினேன்.

போன இடம் போர்ட்டோ. போர்த்துகல் நாட்டில் ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். அங்கே என் மகள் ரேணுகா நான்கு வருடமாகக் கம்ப்யூட்டரில் ஆராய்ச்சிப் படிப்பு படித்துவந்தாள். கடைசிப் பரீட்சை எல்லார் முன்னாலும் நடக்கும், வீட்டு மனிதர்களும் வந்து உட்காரலாம் என்று சொன்னாள். "நீங்க வந்து உக்காந்தா எனக்குத் தைரியமா இருக்கும்ப்பா." வள்ளியம்மாவுக்கு விமானம் என்றாலே தலை சுற்றும். ஆகையால் எட்டாவது வரை படித்து, மிஞ்சிப்போனால் திருப்பதி வரை போன நான் புறப்பட்டேன். பரீட்சையில் அவள் தேறினால் படவேட்டில் மொட்டை போட்டுக்கொள்கிறேன், அதுவரை கவிச்சி தொடமாட்டேன் என்று அம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினேன்.

விமானத்தில் பக்கத்து இருக்கையில் வாணியம்பாடிக்காரர் ஒருவர். "என்னா தொழில் பண்றீங்க?" என்றார். "அட்டை குத்துறேங்க" என்றேன். அவர் முழித்தார். விளக்கினேன். இங்கேயும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும்.

புடவைக்குப் படம் வரைகிறவர் கட்டம் போட்ட தாளில் மயிலோ கொடியோ வரைந்து கொடுப்பார். எந்தக் கட்டத்தில் ஜரிகை தெரியவேண்டுமோ அந்த இடத்தில் நான் அட்டையில் ஓட்டை போடுவேன். அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், ஓட்டை உள்ள இடத்தில் இழை தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. தாளில் இருப்பது துணியில் வரும். நடுவில் இருக்கிறவன் நான்.

படம் வரைகிறவர்கள் அவசரத்தில் தப்பு விடுவார்கள். கொடியில் ஒரு இலை மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். அன்னத்துக்கு அலகு விட்டுப்போயிருக்கும். நான் யாரையும் கேட்பதில்லை. நானே சரிசெய்து குத்திவிடுவேன். "அட்டை ஆறுமுகம் குத்தினா படத்தவிட நல்லா வரும்" என்று ஆரணியில் எனக்கு ஒரு பெயர். முப்பது வருடத்தில் ஒரு குறை வந்ததில்லை.

சால்வையும் அப்படித்தான் ஆனது. தன்னுடைய நான்கு வருடப் படிப்பு இதுதான் என்று ரேணு ஒருமுறை போனில் ஒரு படம் அனுப்பினாள். இரண்டு பெட்டி, நடுவில் மேலும் கீழுமாக இரண்டு அம்பு. அதை முந்தானையில் போட்டு அவளுடைய வழிகாட்டி அம்மாவுக்கு ஒரு சால்வை கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ரேணுவிடம் சொல்லவில்லை. கட்டத் தாளில் ஏற்றும்போது பார்த்தேன், மேல் அம்பு வலப்பக்கம் போகிறது, கீழ் அம்பு இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. சின்ன வயதில் கோலத்திலேயே அவசரப்பட்டு இழையை விடுகிறவள் அவள். சிரித்துக்கொண்டு கீழ் அம்பையும் வலப்பக்கம் திருப்பிக் குத்தினேன். மூன்று முறை சரிபார்த்தேன்.

முள்ளிப்பட்டில் ஏகாம்பரம் வீட்டுத் தறியில் கொடுத்தேன். அட்டையை மாட்டிக்கொண்டே, "என்னாண்ணே இது, மயிலும் இல்ல மாங்காயும் இல்ல, பொட்டியும் கோடுமா கீது?" என்றான்.

"என் பொண்ணு படிப்புடா."

"அட, படிப்பத் தோள்ல போட்டுகினு போறதுக்கா? ஜோரா கீதுண்ணே" என்றான்.

முதல் நாள். விமான நிலையத்துக்கு ரேணு வந்திருந்தாள். இளைத்திருந்தாள். நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டேன். அங்கேயே குனிந்து காலில் விழுந்தாள். போகிறவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள்.

ஊர் முழுக்க ஏற்ற இறக்கம். சமணர் கோயில் இருக்கிற நம் திருமலையின் படியைத் தெருவாகப் போட்டு இரண்டு பக்கமும் வீடு கட்டினால் எப்படியோ அப்படி. வீட்டுச் சுவர்களில் நீலப் பூப்போட்ட ஓடு பதித்திருக்கிறார்கள். நான் ஒவ்வொரு சுவர் முன்னாலும் நின்றேன். "என்னாப்பா பாக்கறீங்க?" என்றாள். இந்தப் பூ எத்தனை அட்டையில் முடியும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு ஜன்னல் கொடி கட்டித் துணி காயப் போட்டிருக்கிறார்கள். சாயம் போட்ட நூலைத் தெருவில் காயவைக்கிற ஊர்க்காரனுக்கு அது பார்க்க நன்றாக இருந்தது.

சாப்பாட்டுக்குப் பயந்துகொண்டு போனேன். அங்கே சோறு சாப்பிடுகிறார்கள்! சிவப்புப் பயறு போட்டுக் குழைய வடித்த சோறு, நம் காராமணிச் சோற்றுக்குத் தூரத்துச் சொந்தம். பருப்புப்பொடி தூவிக்கொண்டேன். கீரை சூப் ஒன்று வந்தது, அதன் நடுவில் வட்டமாக ஒரு கறித்துண்டு மிதந்தது. தள்ளி வைத்தேன். நல்லவேளை என்று வெளியே வந்து, பக்கத்துக் கடையில் கிண்ணம் போல் சுட்ட மஞ்சள் இனிப்பை மூன்று சாப்பிட்டேன். நம் பால்கோவாவையும் பஃப்சையும் ஒன்றாகச் சேர்த்த ருசி. நான்காவதுக்குக் கை நீட்டும்போது ரேணு, "அப்பா, விரதம்னு சொன்னீங்களே, அது பூரா முட்டை" என்றாள்.

கை அப்படியே நின்றது. வள்ளியம்மாவுக்குப் போன் போட்டேன்.

"முட்டையா? எத்தினி சாப்ட்டீங்க?"

"மூணு."

"தெரியாம சாப்ட்டதுக்கு அம்மன் ஒண்ணும் சொல்லாது. ஆனா மூணு சாப்ட்டதுக்கு நான் சொல்லுவேன். சக்கரை இருக்கற ஆளு நீங்க" என்றாள். பின்னால் குக்கர் விசில் கேட்டது. எனக்கு மனசு லேசானது.

இரண்டாம் நாள் பல்கலைக்கழகம் போனோம். வழிகாட்டி அம்மாவின் பெயர் தெரேசா. வெள்ளை முடி, குள்ளம், கம்பளிச் சட்டை. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்து, ஒரு கன்னத்தில் ஒன்று, மறு கன்னத்தில் ஒன்று என்று முத்தம் கொடுத்துவிட்டார். அங்கே அதுதான் வணக்கமாம். கும்பிடத் தூக்கிய என் கை நடுவில் மாட்டிக்கொண்டது. இதை வள்ளியம்மாவிடம் நான் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

பரீட்சைக்கு முன்னால் ஒரு ஒத்திகை. ரேணு பேசிப் பேசிக் காட்டினாள், தெரேசா அம்மா நிறுத்தி நிறுத்திக் கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரையில் என் சால்வைப் படம் வந்தபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இடைவேளையில் காப்பி குடிக்கும்போது, "இது என்னாம்மா, எனக்கும் சொல்லேன்" என்றேன்.

"நீங்க கட்டத் தாள் வெச்சிகினு வேலை செய்றீங்க இல்லப்பா, அதுமாதிரி நாங்களும் மொதல்ல ஒரு தாள் எழுதுவோம். எப்படிச் செய்யணும்னு அதுல இருக்காது. செஞ்சா எது எதுக்குச் சமமா இருக்கணும்னு மட்டும் இருக்கும். இப்ப, அடுக்கி வெச்ச தட்டு மேல இன்னொரு தட்டு வெக்கறேன். ஒடனே அத எடுத்துடறேன். அடுக்கு முன்ன எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். அவ்ளோதான் எழுதுவோம். பித்தளைத் தட்டா எவர்சில்வரா, சமையல்கட்டா கூடமா, ஒண்ணும் சொல்ல மாட்டோம். கணக்கு பாடத்துல அல்ஜீப்ரா வருமே, அந்த மாதிரி."

"அப்புறம்?"

"புரோகிராம் எழுதறவங்க அவங்க வழியில எழுதுவாங்க. அவங்க எழுதினது தாளோட ஒத்துப்போகுதான்னு பாக்கணும். இதுல எது அதுல எதுக்கு ஜோடின்னு காட்டணும். அதுக்குத்தான் அம்பு."

"ரெண்டு அம்பு எதுக்கு?"

அவள் முகம் மலர்ந்தது. "அதான்ப்பா என் நாலு வருஷமே. சில புரோகிராம எல்லாத்துக்கும் பொதுவா எழுதுவாங்க. ஒரு டப்பா இருக்குன்னு வெச்சிக்குங்க. உள்ள என்னா போட்டாலும் சின்னதுல இருந்து பெரிசு வரைக்கும் அதுவே வரிசையா அடுக்கிக்கும். நம்பர் போடலாம், பேர் போடலாம். ஆனா போடற பொருளுக்கு ஒரு தகுதி வேணும். ரெண்ட எடுத்தா எது முன்ன எது பின்னன்னு சொல்ல முடியணும். அந்தத் தகுதியும் தாள்ல எழுதியிருக்கும். இப்ப பாருங்க. டப்பா என்னா தரணும்னு தாள்ல இருக்கோ அத தந்தாகணும். மேல சேத்துத் தந்தாலும் தப்பில்ல. அது தாள்ல இருந்து புரோகிராமுக்குப் போற அம்பு. ஆனா உள்ள வர்ற பொருள்கிட்ட, தாள்ல இருக்கறதுக்கு மேல ஒண்ணும் கேக்கக் கூடாது. கம்மியா கேட்டா சரி."

நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவளே தொடர்ந்தாள்.

"முள்ளிப்பட்டு ஏகாம்பரம் மாமாகிட்ட முதலாளி, நான் எந்த மில்லு பட்டு நூல் குடுத்தாலும் நெய்யணும்னு பேசறார். மாமா பேசினத விட நெருக்கமா நெய்ஞ்சு குடுத்தா?"

"முதலாளி வாயெல்லாம் பல்லா வாங்கிகினு போவார்."

"இந்த மில்லு நூலாத்தான் வேணும்னு நடுவுல புதுசா கேட்டா?"

"சண்டைதான்."

"அதான். தர்றதுல கூடலாம், கேக்கறதுல கூடக் கூடாது. அதனால அந்த ரெண்டாவது அம்பு எதிர்ப்பக்கம் திரும்பும், புரோகிராம்ல இருந்து தாளுக்கு. புரோகிராம் என்னென்ன கேக்குதோ அது ஒவ்வொண்ணும் தாள்ல இருக்கான்னு அந்தப் பக்கத்துல இருந்து தேடிகினு வரணும். ஒரே பக்கம் போட்டா எல்லாம் சரியா இருக்கற மாதிரியே தெரியும், ஆனா தப்பு. அந்தத் தப்பக் கண்டுபிடிக்கறதுக்குத்தான் நான் ஒரு கருவி பண்ணியிருக்கேன்."

காப்பியைக் கீழே வைத்தேன். என் கைப்பையில் சால்வை இருந்தது. ஒத்திகை முடிந்ததும் தெரேசா அம்மாவிடம் கொடுக்கலாம் என்று எடுத்து வந்திருந்தேன். பையின் ஜிப்பை மெதுவாக மூடினேன்.

அப்போது தெரேசா அம்மா ஒரு கடிதத்தைக் காட்டி ரேணுவிடம் கவலையாக ஏதோ சொன்னார். வெளிநாட்டிலிருந்து ஒரு வயதான பரீட்சை அதிகாரி வருகிறாராம். அவர் முன்கூட்டியே எழுதியிருந்ததை ரேணு தமிழில் சொன்னாள். "அம்பு திரும்பவேண்டும் என்பது சரி. ஆனால் கவனமாக வேலை செய்கிற எந்த மனிதரும் அதை ஒரே பக்கமாகப் போடமாட்டார். யாரும் செய்யாத தப்பைப் பிடிக்க ஒரு கருவி எதற்கு?"

"அதுக்கு என்னாம்மா பதில்?"

"நான் எழுதின ஆராய்ச்சிப் புத்தகத்துல இருந்து உதாரணம் காட்டறேன்ப்பா. அது நீயா செஞ்ச உதாரணம்னு சொல்லிடுவார். அவருக்குத் திருப்தி இல்லன்னா பாதிப் புத்தகத்த மறுபடி எழுதச் சொல்லுவாங்க. ஒரு வருஷம் ஆவும். எனக்கு இங்க உதவித்தொகை இந்த மாசத்தோட முடியுது. எழுதாமலே ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்."

அவள் ஏன் இளைத்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இந்த நிலைமையில் அப்பனும் அந்தப் படத்தைத் தப்பாக நெய்து எடுத்து வந்திருக்கிறான் என்று எப்படிச் சொல்வது?

மூன்றாம் நாள் ரேணு பல்கலைக்கழகம் போய்விட்டாள். நான் அவளிடம் சொல்லாமல் சால்வையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கடைத்தெருவில் ஊசியும் நூலும் வாங்கி, கீழ் அம்பின் முனையை மறைத்து, எதிர் முனையில் புதிதாக ஒன்று தைத்துவிடலாம் என்று திட்டம்.

மெட்ரோ ரயில் ஏறினேன். அந்த ஊரில் ஒரே தண்டவாளத்தில் ஐந்து வண்டி ஓடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து, ஒரு நிறம். நடைமேடை சரியாக இருந்தால் வண்டியும் சரியாக இருக்கும் என்று நினைத்து, எழுத்தைப் பார்க்காமல் வந்ததில் ஏறிவிட்டேன். ஆரணியிலிருந்து போளூர் பஸ்சில் ஏறினால் கலசப்பாக்கம் வழியாகத்தானே திருவண்ணாமலை போகும்? அந்த நினைப்பு. கடைத்தெரு வரும் வரும் என்று பார்த்தால் வீடு குறைந்து, சோளக்கொல்லை வந்தது, பசுமாடு வந்தது. எதிரே இருந்த பாட்டியம்மாளிடம் ரேணு எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டினேன். அவர் தலையில் கை வைத்து, பெட்டியில் இருந்த மற்றவர்களுக்கு அதைப் படித்துக் காட்டினார். எல்லாரும் எனக்காக வருத்தப்பட்டார்கள். ஒருவர் ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். கடைசி நிறுத்தத்தில் இறங்கினேன். எதிரே கடல்.

ஒரு மீனவர் ஊர். தெருவில் மீன் சுடுகிற வாசனை. விரதத்தை நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மூலையில் ஒரு கடை, வெள்ளைக் கம்பளிச் சட்டையில் சிவப்பும் கறுப்புமாகப் படகும் பறவையும் தைத்துத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே ஓர் அம்மாள் தைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். பாஷை இல்லை. சால்வையை மேசைமேல் விரித்தேன்.

அவர் முதலில் செய்த காரியம், துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தது. தொழில் தெரிந்தவர்தான் பின்பக்கம் பார்ப்பார். விரலால் ஜரிகையைத் தடவி, நாக்கைச் சப்புக்கொட்டி, என்னமோ சொன்னார். நல்லதாகத்தான் சொல்லியிருப்பார். ஊசி வேண்டும் என்று கையால் காட்டினேன். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, பட்டின் நிறத்துக்கே நூல் தேடிக் கோத்துக் கொடுத்தார்.

ஊசியைக் கீழ் அம்பின் முனையில் வைத்தேன். ஜரிகைக்கு அடியில் நுழைந்தது. இழுக்கவேண்டியதுதான் பாக்கி.

கை வரவில்லை. வரைந்தவளைக் கேட்காமல் திருத்தினேன். இப்போது அந்தத் திருத்தத்தையும் கேட்காமலே திருத்தப் போகிறேன். இந்தச் சால்வையை அம்மன் காலடியில் வைத்து எடுத்து வந்திருக்கிறேன். அம்மனிடமும் நான் தப்பைச் சொல்லவில்லை, எனக்கே அப்போது தெரியாது. இப்போது தெரியும். தெரிந்து மறைத்தால் அது வேறு.

போனை எடுத்தேன்.

"ரேணு, கோவிச்சுக்காதம்மா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பா, நீங்களா மாத்தினீங்க? ஏகாம்பரம் மாமா மாத்தலியே?"

"நான்தாம்மா. நீ அவசரத்துல தப்பா போட்டுட்டேன்னு நெனச்சேன்."

"ஏன் தப்புன்னு தோணுச்சு?"

"பாத்தாலே தெரியுதேம்மா. இந்தப் பொட்டியில இருந்து அந்தப் பொட்டிக்குப் போவுது. ஒண்ணு போவும்போது இன்னொண்ணு எதுக்குத் திரும்பி வரணும்? ரெண்டும் ஒரே பக்கம் போனாத்தானே லட்சணம்?"

பிறகு கேட்டாள், "இப்ப என்னா பண்ணிகினு இருக்கீங்க?"

"ஊசி வெச்சிகினு இருக்கேன்."

"ஊசிய எடுங்க. துணிமேல கை வெக்காதீங்க. அப்படியே கொண்டாங்க."

அவள் குரலில் கோபமா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. ஊசியை உருவி அந்த அம்மாளிடம் கொடுத்தேன். அவர் சால்வையை மடித்துத் தாளில் சுற்றி, காசு வாங்காமல், என் கையைப் பிடித்து ரயிலடி வரை கூட்டிவந்து சரியான வண்டியில் ஏற்றிவிட்டார். வண்டியின் எழுத்தை விரலால் இரண்டு முறை சுட்டிக்காட்டினார்.

சாயங்காலம் ரேணு வந்ததும் சால்வையைக் கட்டிலில் விரித்து வெகுநேரம் பார்த்தாள். முந்தானையில் இரண்டு அம்பும் அழகாக, அளவாக, ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. "எவ்ளோ நல்லா நெய்ஞ்சிருக்கார் மாமா" என்றாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நாளைக்கு அவர் அந்தக் கேள்வி கேட்டா இத எல்லார் முன்னாடியும் விரிச்சுக் காட்டப் போறேன். இது எங்க அப்பா செஞ்ச தப்புன்னு சொல்லுவேன். நீங்க அங்கயே உக்காந்துகினு இருப்பீங்க. வேணாம்னா வேணாம். கேட்டுட்டுத்தான் செய்வேன்."

அட்டை ஆறுமுகம் என்ற பெயருக்காக ஒரு நிமிஷம் தயங்கினேன், அதை ஒளிக்கமாட்டேன். "காட்டும்மா" என்றேன்.

வள்ளியம்மாவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "முப்பது வருசமா என்கிட்ட ஒரு தப்ப ஒத்துகினதில்ல. அதுக்கு ஏரோப்ளேன் ஏறிப் போர்ட்டோ போவணுமா உங்களுக்கு?"

நான்காம் நாள். பழைய பெரிய கூடம், மரப் பலகை போட்ட சுவர். ஐந்து பேர் கறுப்பு அங்கி போட்டு உயரமான மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ரேணு வள்ளியம்மாவின் அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் முன்வரிசையில், சட்டைப்பையில் குங்குமப் பொட்டலத்தோடு. இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். வெளிநாட்டு அதிகாரி ஒல்லியான மனிதர், கடைசி வரை பேசவில்லை. முடிக்கும் நேரத்தில் அந்தக் கேள்வியை நிதானமாகக் கேட்டார். தெரேசா அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

ரேணு பையிலிருந்து சால்வையை எடுத்து மேசைமேல் விரித்தாள். நான் யார், என் தொழில் என்ன, படத்தை நான் என்ன செய்தேன் என்று இங்கிலீஷில் சொன்னாள். நடுவில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். காது சுட்டது.

அந்த அதிகாரி எழுந்து வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். ரேணு மொழிபெயர்த்தாள்.

"நீங்க இதச் செய்யும்போது அவசரத்துல இருந்தீங்களான்னு கேக்கறார்ப்பா."

எழுந்து நின்றேன். "இல்லீங்க. நிதானமாத்தான் செஞ்சேன். மூணு வாட்டி சரிபார்த்தேன்."

அவள் அதை அவருக்கு இங்கிலீஷில் சொன்னாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். போய் உட்கார்ந்து, தன் காகிதத்தில் ஏதோ எழுதி, முன்பு எழுதியதை நீளமாக ஒரு கோடு போட்டு அடித்தார்.

எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். தாழ்வாரத்தில் நின்றோம். குங்குமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கண்ணை மூடினேன். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் நான் நிறையக் கேட்பேன். வேலை கிடைக்கணும், நல்ல இடத்தில் கல்யாணம் ஆகணும், உடம்பு தேறணும் என்று நீண்டுகொண்டே போகும். அன்றைக்கு, "தாயே, ஊர்ல கேட்டதுக்கு மேல ஒண்ணும் கேக்கல" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

கதவு திறந்தது. தெரேசா அம்மாதான் முதலில் ஓடிவந்தார். ரேணுவைக் கட்டிக்கொண்டு அழுதார். ஒரு வரிகூடத் திருப்பி எழுதத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்களாம். பிறகு என் பக்கம் திரும்பினார். இந்த முறை நானே கன்னத்தைக் காட்டினேன்.

"ஊருக்குப் போய்ச் சரியாக ஒன்று நெய்து அனுப்புகிறேன், இதைத் திருப்பிக் கொடுங்கள்" என்று ரேணு மூலம் கேட்டேன். தரமாட்டேன் என்று தெரேசா அம்மா சால்வையை மார்போடு சேர்த்துக்கொண்டார். சரியானதை எனக்கு அனுப்புங்கள் என்று பின்னாலிருந்து வெளிநாட்டு அதிகாரியின் குரல் வந்தது.

திரும்பி வந்து படவேட்டில் மொட்டை போட்டுக்கொண்டேன். முட்டை விஷயத்தையும் அம்மனிடம் சொல்லிவிட்டேன். மறுவாரம் புதிதாக அட்டை குத்தினேன், ரேணு வரைந்தது வரைந்தபடி, கீழ் அம்பு திரும்பினது திரும்பினபடி. முள்ளிப்பட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டாம் நாள் காலையில் ஏகாம்பரம் போன் செய்தான்.

"அண்ணே, பேஜாரா பூடுச்சு. கீழ் அம்பு எதிர்ப்பக்கம் திரும்பிகினு கீது. போன வாட்டி சரியா இருந்துச்சே. அட்டைய ஜல்தியா மாத்திக் கோத்து நானே சரி பண்ணிடட்டா?"

"வேணாம். அப்படியே நெய்."

"பாத்தாலே தப்பாத் தெரியுதேண்ணே."

"தெரியும்டா."

"பாக்கறவங்க கேப்பாங்களே?"

"கேட்டா என்கிட்ட அனுப்பு" என்றேன்.